சுவர் இருந்தது, கதவைத் திறந்தது நான்

2020-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை சற்றுத் தளர்ந்து, அலுவலகங்களைத் திறக்கலாம் என்ற அறிவிப்பு அப்போதுதான் வந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிப்படியில் நானும் ஓர் அக்காவும் முகக்கவசத்துடன் ஏறிக்கொண்டிருந்தோம். சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தை அவர் நடத்துகிறார். ஊழியர்கள் நால்வர். முடிதிருத்தும் கடை, பூக்கடை, கேட்டரிங் தொழில் என்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அவருக்கு வாடிக்கையாளர்கள் உண்டு.

"ரெண்டு நாளா வீட்டுல இருந்து உள்ள போகவே முடியல, தம்பி" என்றார்.

கணினியைத் திறந்தேன். கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் பொருள் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. முகப்பில் ஒரே ஒரு குறிப்புக் கோப்பு மட்டும் திறந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பிட்காயினில் பணம் கட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. ரான்சம்வேர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதை நேரில் பார்த்தது அன்றுதான்.

திருடன் எந்த வழியாக வந்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த வழியை அமைத்துக் கொடுத்தவனே நான்தான்.

மார்ச் 18-ஆம் தேதி கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அக்கா கிள்ளானில் தம் வீட்டில் இருந்தார். அலுவலகக் கணினியோ பிரிக்பீல்ட்ஸில். வீட்டிலிருந்தே அதை இயக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். நான் அப்போது கல்லூரியில் கணினித் துறை மாணவன். அந்த அலுவலகத்தின் ரௌட்டர் மாட்டியதும் நான், அதன் கடவுச்சொல்லும் என்னிடம். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை அதற்கு முன்பே முடுக்கி வைத்திருந்தேன். ஆகவே என் வீட்டிலிருந்தே ரௌட்டருக்குள் நுழைந்து, 3389 என்ற போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிட்டேன். பத்து நிமிட வேலை. அக்கா மகிழ்ந்துபோய் நன்றி சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது.

கணினியின் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். தவறான கடவுச்சொல்லுடன் யாராவது நுழைய முயன்றால், விண்டோஸ் அதை 4625 என்ற எண்ணிட்டுக் குறித்து வைக்கும். அந்தக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரவும் பகலும், சில நொடிகளுக்கு ஒருமுறை, யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இத்தனை முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடு என்ற ஏற்பாட்டை நான் செய்திருக்கவில்லை. ஓர் ஊழியரின் கடவுச்சொல், அலுவலகத்தின் பெயரும் அதன் பின்னால் 123-உம். கதவு திறந்துகொண்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒன்று மட்டும் கேட்டார். "இப்படித் தொறந்து வெச்சா யார் வேணும்னாலும் வருவாங்கன்னு எனக்குத் தெரியாது, தம்பி. உனக்குமா தெரியாது?"

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு கடைகளுக்கும் வீட்டு அலுவலகங்களுக்கும் கணினி வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்தக் கேள்விக்கு நான் பின்னால் கற்றுக்கொண்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

நம்மைத் தேடி யார் வருவார்கள்?

"சின்னக் கடை தம்பி, நம்மகிட்ட என்ன இருக்கு? யார் வந்து திருடப் போறாங்க?" தெங்கு கிளானா சாலையில் நான் வேலை செய்த கடைகள் பலவற்றில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. இயந்திரங்கள் எல்லாக் கதவுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. திறக்கும் கதவுக்குள் நுழைகின்றன. அவ்வளவுதான்.

இணையத்தில் நாம் பரவலாகப் பயன்படுத்தும் ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் 'இசட்மேப்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல இணைப்புள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு, இத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் சோதித்துவிட முடியும் என்று காட்டினார்கள். அவர்கள் செய்தது ஆராய்ச்சி. அதே வேலையைக் கெட்ட எண்ணத்துடன் செய்பவர்களும் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் மாடி அலுவலகமும் பெரிய வங்கியும் அந்த இயந்திரத்துக்கு ஒன்றுதான். வங்கியில் காவல் இருக்கும். மாடி அலுவலகத்தில் என்னைப் போன்ற ஒரு மாணவன் இருந்தான்.

பெயர் வந்த வழி

'ஃபயர்வால்' என்பதைத் தமிழில் தீச்சுவர் என்கிறோம். இது கணினிக்காகப் புதிதாகப் பிறந்த சொல் அன்று. கட்டடத் தொழிலிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க, நடுவில் எழுப்பும் கனத்த சுவர்தான் தீச்சுவர்.

இதைப் புரிந்துகொள்ள நம் கோலாலம்பூரின் கதையே போதும். 1881-இல் நகரில் பெருந்தீ பற்றியது. மரமும் அத்தாப்பும் கொண்டு நெருக்கமாகக் கட்டிய வீடுகள் ஒன்றையடுத்து ஒன்றாக எரிந்தன. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்கான செங்கல்லைச் சுட்டுக் கொடுத்த சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்றும் பழைய கடைவீடுகளை அண்ணாந்து பாருங்கள். இரண்டு கடைகளுக்கு நடுவிலுள்ள செங்கல் சுவர், சில இடங்களில் கூரையையும் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தீச்சுவர்.

கணினி உலகத்துக்கும் ஒரு தீவிபத்து தேவைப்பட்டது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதி விட்ட 'மோரிஸ் புழு' என்ற நிரல், இணையத்தில் கணினியிலிருந்து கணினிக்குத் தாவி ஆயிரக்கணக்கான இயந்திரங்களை முடக்கியது. இணையத்தில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்களே என்ற நம்பிக்கை அன்றோடு போனது. அந்த ஆண்டுகளில் டி.இ.சி. நிறுவனத்திலும் ஏ.டி.அண்ட்.டி. பெல் ஆய்வுக்கூடத்திலும் பொறியாளர்கள் வலையமைப்புக்கான முதல் தீச்சுவர்களைக் கட்டினார்கள்.

தீச்சுவர் செய்யும் வேலை

இணையத்தில் செல்லும் எந்தத் தகவலும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்பியவர் முகவரி, பெறுநர் முகவரி, எந்தப் போர்ட்டுக்குச் செல்கிறது என்ற எண் ஆகியவை இருக்கும். முகவரி என்பது கட்டடம் என்றால், போர்ட் அதிலுள்ள கதவு. ஒரு முகவரியில் 65,535 வரை எண்ணிட்ட கதவுகள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389.

தொடக்கக் காலத் தீச்சுவர்கள் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாகப் பார்த்தன. பட்டியலில் அனுமதி இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. 1990-களின் நடுவில் அதைவிடக் கெட்டிக்காரத் தீச்சுவர்கள் பரவலாயின. அவை முன் நடந்ததை நினைவில் வைத்திருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உணவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதைக் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரரை உள்ளே விடுவார். யாரும் சொல்லாமல் ஒருவர் பொட்டலத்துடன் வந்து நின்றால் திருப்பி அனுப்புவார். இன்றைய தீச்சுவரும் அப்படித்தான். உள்ளிருந்து நாம் கேட்ட பக்கத்துக்கான பதில் உள்ளே வரலாம். கேட்காமல் வருவது வாசலோடு நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டு ரௌட்டரிலும் இந்தக் காவலாளி இருக்கிறார். வீட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை அது கொடுத்துவைக்கிறது. வெளியிலிருந்து யாரும் அந்த முகவரிகளை நேராக எட்ட முடியாது. ஆகவே கடையிலிருந்து வாங்கி மாட்டிய சாதாரண ரௌட்டரே ஓரளவுக்குச் சுவர்தான். அந்த மாடி அலுவலகத்திலும் சுவர் இருந்தது. 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற பக்கத்தில் போய், 3389-க்கு யார் வந்தாலும் உள்ளே விடு என்று காவலாளிக்கு உத்தரவு போட்டவன் நான்.

சில கருவிகள் நம்மைக் கேட்காமலே இந்த உத்தரவைப் போட்டுவிடும். ரௌட்டரில் 'யூபிஎன்பி' என்று ஒரு வசதி உண்டு. விளையாட்டுக் கருவியோ ரகசியக் கேமராவோ அதைக் கொண்டு தனக்கு வேண்டிய கதவைத் தானே திறந்துகொள்ளலாம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ரௌட்டரில் அது முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள்ளும் சுவர்

வெளிச்சுவர் ஒன்று போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிக் குழுமத்திலிருந்து 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நேராக டார்கெட்டின் கதவை உடைக்கவில்லை. அங்காடிகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடி அதன் வழியாக நுழைந்தார்கள். சின்ன நிறுவனத்தில் திருட என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இது ஒரு பதில். உள்ளே நுழைந்தவர்கள் பணம் செலுத்தும் இயந்திரங்கள் வரை போக முடிந்தது என்பது இன்னொரு பாடம்.

நம் கடைகளில் நான் பார்ப்பது என்ன? வாடிக்கையாளருக்கு இலவச வைஃபை, கல்லாப்பெட்டிக் கணினி, ரகசியக் கேமரா, முதலாளியின் கைத்தொலைபேசி எல்லாம் ஒரே வலையமைப்பில் இருக்கும். தேநீர் குடிக்க வந்தவர் தம் தொலைபேசியிலிருந்து கல்லாக் கணினியைப் பார்க்க முடியும். கேமராக்களை யாரும் கணினியாகவே நினைப்பதில்லை. 2016 அக்டோபரில், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் ரௌட்டர்களையும் 'மிராய்' என்ற நச்சுநிரல் படையாகத் திரட்டியது. அந்தப் படையைக் கொண்டு 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின.

ஆகவே உள்ளேயும் சுவர் வேண்டும். விருந்தினருக்குத் தனி வைஃபை, கேமராக்களுக்குத் தனிப் பகுதி, கணக்குக் கணினிகளுக்குத் தனிப் பகுதி. இன்றைய ரௌட்டர்கள் பலவற்றில் குறைந்தது விருந்தினர் வைஃபையைப் பிரிக்கும் வசதியாவது இருக்கிறது. பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு தீச்சுவர் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு பரவியதற்குப் பின், மறு ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் மேம்பாட்டில் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே முடுக்கி வைத்தது. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அதை அணைத்துவிட்டுத் திரும்ப முடுக்க மறந்துவிடுகிறோம். 2017 மே 12-இல் 150 நாடுகளில் பரவிய 'வான்னாக்ரை' 445-ஆம் கதவு வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

காவலாளியையும் கவனியுங்கள்

தீச்சுவரும் ஒரு கணினிதான். அதிலும் ஓட்டை விழும். 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற நச்சுநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளைப் பிடித்துவைத்திருப்பதாகச் சிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் ரௌட்டர்கள். மாட்டிய நாளிலிருந்து யாரும் மென்பொருளைப் புதுப்பிக்காத ரௌட்டர், தூங்கும் காவலாளிக்குச் சமம்.

தீச்சுவரால் முடியாததும் உண்டு. போலி மின்னஞ்சலை நம்பி நீங்களே இணைப்பைச் சொடுக்கினாலும், வாட்ஸ்அப்பில் வந்த செயலிக் கோப்பைத் தொலைபேசியில் நிறுவினாலும், உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுகிறீர்கள். வீட்டுக்காரரே அழைத்துவந்த விருந்தாளியைக் காவலாளி எப்படித் தடுப்பார்?

அலுவலகத்துக்கு என்ன ஆனது?

அக்கா பணம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2016 முதல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் நடத்திவரும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கும். எங்களுக்கு வந்த பூட்டுக்கு அங்கே சாவி இல்லை. நகலுக்கென்று கணினியில் செருகி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் செருகியபடியே இருந்ததால் பூட்டப்பட்டிருந்தது.

எங்களைக் காப்பாற்றியது அக்காவின் கைப்பை. கட்டுப்பாட்டு ஆணை தொடங்குவதற்கு முன் அவர் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார். மார்ச் வரைக்குமான கணக்குகள் அதில் இருந்தன. அதற்குப் பிந்தியவற்றை வாடிக்கையாளர்களிடம் மீண்டும் கேட்டு வாங்கினோம். காலணிப் பெட்டிகளில் ரசீதுகள் வந்தன. நானும் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். மூன்று வாரம் ஆனது.

பிறகு 3389-ஐ மூடினேன். அதற்குப் பதிலாக வி.பி.என். அமைத்தேன். சாவி வைத்திருப்பவர் மட்டுமே அந்தத் தனிச் சுரங்கத்துக்குள் நுழைய முடியும். சாவி இல்லாதவருக்கு உள்ளே கணினி இருப்பதே தெரியாது. இதற்கு 'வயர்கார்டு' போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நாங்கள் புதிய கருவியும் வாங்கவில்லை. மூலையில் கிடந்த பழைய கணினியில் இரண்டாவது வலையமைப்பு அட்டையைச் செருகி, 'ஓபிஎன்சென்ஸ்' என்ற இலவசத் தீச்சுவர் மென்பொருளை நிறுவினேன். முதலில் எல்லாக் கதவுகளையும் மூடினேன். பிறகு தேவையானதை மட்டும், எதற்காக என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிவிட்டுத் திறந்தேன். நகல்கள் மூன்று. அவற்றில் ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே, கணினியோடு தொடர்பில்லாமல் இருக்கும்.

மாணவர்களுக்கு

இந்தத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். பெற்றோரின் அனுமதியுடன் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, அதில் திறந்திருக்கும் கதவுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று தேடிக் கண்டுபிடியுங்கள். பதில் இல்லாத கதவை மூடுங்கள். பழைய கணினி இருந்தால் தீச்சுவர் ஒன்றை நிறுவிப் பாருங்கள். பத்துப் புத்தகத்தில் கிடைக்காத பாடம் அதில் கிடைக்கும்.

ஆனால் அடுத்தவர் வலையமைப்பைச் சும்மா சோதிக்கிறேன் என்று தட்டிப் பார்க்காதீர்கள். நம் நாட்டின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைந்தாலே 50,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சிறு நிறுவனங்களுக்கும் பொறுப்பு கூடியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் கடும் பாதிப்பு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கு அலுவலகம் ஒன்றில் எத்தனை பேரின் அடையாள அட்டை எண்ணும் சம்பள விவரமும் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தாக்குதல் நடந்தால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' சேவையில் புகார் செய்யலாம். வங்கிப் பணம் பறிபோனால் உடனே 997-ஐ அழைக்க வேண்டும்.

அந்த அலுவலகத்துக்கு இன்றும் நான்தான் போகிறேன். நான் எதை மாற்றினாலும் அக்கா பின்னால் வந்து நின்று கேட்பார்: "இது எந்தக் கதவு தம்பி? யாருக்காகத் தொறக்குற? எப்ப மூடுவ?"

அவர் கணினி படித்தவர் அல்லர். ஆனால் எந்த அலுவலகத்துக்குத் தீச்சுவர் அமைக்கப் போனாலும், நான் முதலில் என்னையே கேட்டுக்கொள்வது அந்த மூன்று கேள்விகளைத்தான்.